மொட்டைப் படத்தில் நான் இல்லை

பெரியவளே, சின்னவனே, அந்த மொட்டைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு "இதுல நைனா எங்க?" என்று என்னைத் தேடிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா ஒன்று சொல்கிறாள், மாமா ஒன்று சொல்கிறார். நானே எழுதி வைத்துவிடுகிறேன். பன்னிரண்டாவதோடு நிறுத்தி, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்று முடித்தவன் எழுதுவது. முன்னே பின்னே இருக்கும்.

நான் தினமும் ரயிலேறிப் போகும் சென்னைக் கம்பெனி, மற்றவர்களின் கம்ப்யூட்டர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். குளிரூட்டிய அறையில் பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் ஓடும். கையால் தொட முடியாது, திரையில் பெயராகத்தான் தெரியும். வி.எம். என்போம். ஒன்று ஆஸ்பத்திரியுடையது, அடுத்தது ஏதோ ஒரு கடையுடையது.

முன்பு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டுப் போவது மாதிரி. ஒருநாள் என் பக்கத்து சீட்டுக்காரர் கடையுடையதை நிறுத்தப் போய் ஆஸ்பத்திரியுடையதை நிறுத்திவிட்டார். அன்று எல்லோரும் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

அதற்குப் பிறகு ரோல் வந்தது. யாருக்கு என்ன வேலையோ, அதற்குத் தேவையானது மட்டும் அவரவர் பாஸ்வேர்டில் திறக்கும். அவர் ஆஸ்பத்திரி மெஷினைப் பார்க்கலாம், தொட முடியாது. அதை நிறுத்தி ஓடவிடும் ரோல் எனக்கு. அதுவும் ஆபீசுக்குள் இருந்தால்தான் திறக்கும். நல்ல ஏற்பாடு, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த ரோலில் என் ஒருவனைத்தான் உட்கார வைத்தார்கள். அந்த ஒருவன் வீட்டிலும் விசேஷம் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

சின்னவனுக்கு நம் மலைக்கோயிலில் மொட்டை, காதுகுத்து. முதல் முடி இறக்குவதை நின்று பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பெரியவளின் மொட்டைக்கும் லீவு கிடைக்காமல் போயிருந்தது. மொட்டை மண்டபத்தில் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஆஸ்பத்திரி மெஷின் ஹேங் ஆயிடுச்சுப்பா. லேப் ரிசல்ட் எதுவும் வரல, ஜனங்க காத்துகினு கீறாங்க. உன் பாஸ்வேர்ட சொல்லு, ரெண்டே நிமிஷம்."

"வேணாம் சார். பக்கத்து சீட்டுக்காரர அந்த ரோல்ல சேத்துடுங்க, போதும்."

"சேக்கணும்னா மேனேஜர்தான் சேக்கணும். அவரு பிளைட்ல கீறாரு, போன் ஆஃப்."

போனில் ஒருமுறை சொன்னால் சாயங்காலத்துக்குள் அறை முழுக்கத் தெரிந்துவிடும். சாவி மறுபடியும் நிலைக்கு மேல் போய்விடும். ஆனால் அங்கே ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்காக யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நானே வரேன் சார்," என்றேன்.

உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "முடி எறக்கற வரைக்குமாவது நில்லுங்களேன்," என்றாள். வரிசை நகரவே இல்லை.

"மெஷின என்னா பண்ணணும் பாவா?" என்று கேட்டார் மாமா. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவர், அக்கா புருஷனான என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்."

"அதுக்கா மெட்ராஸ் போறீங்க? எங்க தறிய நான் தெனம் பண்ணிகினு கீறேன். யாரும் எனக்கு மால போடல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன்.

ரயில் அரக்கோணம் தாண்டி, திருவாலங்காடு தாண்டி, மணவூரில் நின்றபோது மறுபடி போன்.

"மேனேஜர் லேண்ட் ஆயிட்டாருப்பா. பக்கத்து சீட்டுக்காரர ரோல்ல சேத்துட்டாரு. மெஷின் ஓடிகினு கீது. நீ வரத் தேவல, போய் சாமி கும்பிடு."

"ஆங் சார்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, காலில் அசதிதான் இருந்தது. திரும்பும் ரயில் எப்போது என்று கேட்கக்கூடத் தோன்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அம்மா கட்டச் சொன்ன புது வேட்டி வெயிலில் பளபளவென்று இருந்தது.

நான் மலையேறியபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னவன் தலை முழுக்கச் சந்தனம், காதில் புதுக் கம்மல். என்னைப் பார்த்து மாமா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"என்னா பாவா, சுவிட்ச் போட்டாச்சா?"

"மணவூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

மாமா புளியோதரைத் தொன்னையை என் கையில் வைத்தார்.

"நைனா, நீ பாக்கறதுக்கு தம்பி முடி கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன். சாமிக்குன்னு சொல்லிட்டாங்க," என்றாய் நீ, பெரியவளே.

சாயங்காலம் நானே சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"சார், பக்கத்து சீட்டுக்காரர அந்த ரோல்லயே உட்டுடுங்க."

"இன்னிக்கு மட்டும்னுதான் சேத்தாங்க, எடுத்தாச்சுப்பா. மறுபடியும் எதயாவது நிறுத்திட்டார்னா?"

"பக்கத்துல உக்காந்து நான் கத்துக் குடுக்கறேன் சார்."

அனுமதி வர மாசக்கணக்கானது. இடையில் பெரியவளின் பள்ளி ஆண்டு விழாவும் நான் பார்க்காமலே போயிற்று. இப்போது அந்த ரோலில் இரண்டு பேர்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று பக்கத்து சீட்டுக்காரர் ஆபீசில் இருப்பார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறாள் அம்மா. அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை. அம்மா பையில் போட்டு வைக்கிறேன். அடித்தால் அவள் எடுக்கட்டும். இந்தத் தடவை எடுக்கும் படத்தில் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.