சந்தனம் பூசிய விமானம்

எங்கள் கம்பெனியை ஏர்லைன் என்று சொல்லிக்கொள்வது கொழுப்புதான். இருந்தது ஒரே ஒரு விமானம். பரங்கிமலைப் பக்கத்துத் திடலிலிருந்து தபால் மூட்டைகளோடு திருச்சிக்குப் பறக்கும்; மிஞ்சிய இடத்தில் நாலு பேர் உட்காரலாம். ஏறுகிறவர்களைப் பெட்டியோடு தராசில் நிறுத்தி எடை போடுவது என் வேலை. கனத்த ஆசாமிகளெல்லாம் என்னை முறைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளியே தேங்காய் உடைத்தார். "ஒரு இடம் விடாம பொட்டு வைங்கப்பா" என்றார். அங்கே மெக்கானிக்காக இருந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பயபக்தியோடு விமானம் முழுக்கச் சந்தனம் அப்பினான். இறக்கையில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாயின் வாயையும் விடவில்லை. அதற்குள் காற்று புகுந்தால்தான் விமானிக்கு வேகம் காட்டும் முள் நகரும். பக்தி தலைக்கேறிவிட்டால் கற்ற தொழில் எங்கே ஞாபகம் இருக்கிறது!

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மறுநாள் ஒரு பிரயாணிகூட இல்லை, காலியாகப் போய் இறங்கினால் திருச்சியில் சிரிப்பார்கள், நீ ஏறி உட்கார் என்றார். மாட்டேன் என்றால் வேலை போகும். அம்பத்தூர் ஏரிப் பக்கம் மேனாம்பேட்டில் வீட்டுக்கு வந்து சொன்னதும், நிறைமாதமாக இருந்த என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி புருசன் மலைகூட ஏறக் கூடாதும்பாங்க. நீ ஆகாசத்துல ஏறப் போறியா?"

"ஏறலைன்னா சோத்துக்கு இன்னாமே பண்றது?"

காலையில் மச்சான்தான் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டான். தபால் மூட்டைகளுக்கு நடுவே நான் ஒருவன். மேலே எழும்பிய பிறகுதான் விமானி முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியர்.

"வேகம் தெரியலை, மேன்! மெதுவா இறக்கினா விழுந்துடும். வேகமா இறக்கினா உடைஞ்சுடும்!"

விழுந்தாலும் தீப்பிடிக்காமல் இருக்கப் பெட்ரோல் குறையட்டும் என்று அம்பத்தூர் ஏரியைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்தார். நிமிர்ந்து நிற்க இடமில்லை. கதவைத் திறந்தாலும் எங்கே போவது? ஐயோ, கீழே என் வீடே தெரிந்தது. முற்றத்தில் அவள் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டினாள். ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக வழியனுப்புகிறாளே என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே சாகப் போகிறேன் என்று வாய்விட்டு அழுதேன்.

வேகமாகவேதான் இறக்கினார். திடலைத் தாண்டி வயலுக்குள் பாய்ந்து, சக்கரம் பிய்ந்து, இறக்கை முறிந்து நின்றது விமானம். எங்களுக்கு வெறும் சிராய்ப்பு. மச்சான் ஓடி வந்து கதவைத் திறந்தான். அவனை அறைய ஓங்கிய கை, அவன் அழுத அழுகையைப் பார்த்து இறங்கிவிட்டது. முதலாளி அந்தக் குழாயை மோந்து பார்த்தார். யார் பூசியது என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு விமானம் வாங்க வக்கில்லாமல் கம்பெனி அத்தோடு முடிந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் இன்னும் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கையை ஆட்டினியே, பாத்தேன்மே" என்றேன், சிரிக்க முயன்று.

அவளுக்குக் குரல் எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"ஆட்டினேனா? தெக்கால போறது இங்கியே சுத்துதே, இன்னாவோ ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சிகினேன். எறங்கு, எறங்குன்னு கத்திகினு இருந்தேன்யா."