மீட்டரக்காவின் வலது கால்

வலது ஷூவைக் கழற்றி ஜன்னல் கம்பியில் அதன் நாடாவால் மாட்டிவிட்டுத்தான் மீட்டரக்கா அன்றைய மின்அளவுகளை மின்வாரிய அலுவலகத்தில் என் மேஜையில் வைப்பார். "இது கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். மூச்சு விட வேண்டியது ஷூவா, காலா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் முறைப்பார்.

ஒரு நாளைக்கு இருநூறு வீடு. கேட்டைத் தட்டி, நாயை அதட்டி, மாடிப்படிக்கு அடியில் குனிந்து மீட்டரைப் படிப்பவர். அவர் வருவது காலடிச் சத்தத்திலேயே தெரியும்: ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுவையாக. வலது பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடக்கும். அதன் அடிமூட்டு சிவந்து, பாதி எலுமிச்சம்பழம்போல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

அதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், பொரிந்து தள்ளிவிடுவார். "மொத டாக்டர் உடம்பக் குறைன்னாரு. ரெண்டாவது ஆளு யூரிக் ஆசிட்னு சொல்லி ஆறு மாசம் மீன நிறுத்திட்டாரு. ரெண்டு பேருமே ஷூவக் கழட்டச் சொல்லல! கால் வலின்னு போனவ நாக்கப் பாத்து அனுப்புனாங்க." அந்த ஆறு மாதமும் அவர் கணவர் எதிரிலேயே உட்கார்ந்து மீன் தின்றது தனி வழக்கு.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர் ஒரு பெண். பாதத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் பேரு பனியன்மா" என்றாராம்.

"பனியனா? அது எங்க வீட்டுக்காரர் போடறதுங்க!"

டாக்டர் சிரித்து முடித்ததும் அவரை ஒரு தாள்மீது நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார். அந்தக் கோட்டின்மேல் ஷூவை வைத்தார். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோடு வெளியே பிதுங்கி நின்றது. எலும்பு புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை, விரல் உள்ளே சாயச் சாய மூட்டு வெளியே தள்ளுகிறது என்றார். அந்த வாகு அம்மாவிடமிருந்தும் வரலாம். ஒடுங்கிய ஷூ அதை முற்ற வைக்கும். முன்பக்கம் அகலமான ஷூ, மூட்டுக்கு மெத்தைப் பட்டை, வீங்கினால் ஐஸ் எல்லாம் வலியைக் குறைக்கும், விரலை நேராக்காது. அன்றாட நடையே முடியாமல் போனால்தான் அறுவை சிகிச்சை. இதையெல்லாம் ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தை, அலுவலகத்தில் சீருடை ஷூ வழங்கும் ஸ்டோர்காரர் படிக்கக்கூட இல்லை. "அகலமா இருக்கறது ஆம்பள மாடல். லேடீசுக்கு லேடீஸ் மாடல்தான், ரூல். ஆம்பள ஷூ போட்டா பாக்கவும் நல்லாருக்காது."

"நான் என்ன மேடையேறி ஆடவா போறேன்? நாய் தொரத்துனா ஓடணும்யா!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணின் கால் முன்னே போகப் போகக் கூம்ப வேண்டும் என்று தீர்மானித்தவர் எவரோ, அவர் அந்தக் கூம்புக்குள் காலைத் திணித்து ஒரே ஒரு தெரு நடந்து பார்த்ததுண்டா?

அக்கா செருப்போடு வேலைக்கு வந்தார். மெமோ வந்தது: இன்னொரு முறை செருப்பில் வந்தால் சஸ்பெண்ட். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மீட்டர் படிக்கும் பெண்கள் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தாளில் நிற்க வைத்து வரைந்தார். ஏழு பேருடைய கால் ஷூவுக்குள் அடங்கவில்லை. அந்தத் தாள்களை அதிகாரியின் மேஜையில் பரப்பினார்.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். "இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"நாலு தடவ எழுதிக் குடுத்தேன் சார். நாலுலயும் உங்க கையெழுத்து இருக்கு."

இரண்டு மாதத்தில் அகல ஷூக்கள் வந்தன. மூட்டு அப்படியேதான் இருக்கிறது. வலி பாதியாகிவிட்டது என்கிறார். புது ஜோடியைக் கொடுத்த அன்று ஸ்டோர்காரர் பழையதைத் திருப்பிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் புதுசா ஒரு பொண்ணு சேருது, அதுக்கு ஆகும்."

மீட்டரக்கா அலமாரியில் கிடந்த கேபிள் கட்டரை எடுத்து, இரண்டு ஷூக்களின் மூக்கையும் நறுக்கென்று வெட்டி மேஜையில் வைத்தார். பிறகு, ஒப்படைத்ததற்கான கையெழுத்தைப் போட்டார்.