சின்னவள் வாங்கிய வெள்ளை கேபினெட்

கார் ஓட்டவே தெரியாத ஒருத்தி கார் பந்தய விளையாட்டில் பேர் வாங்குவாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்த ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கையாகவே இருந்ததால் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் இரண்டே பெண்கள். அம்மா கூப்பிட்டுப் பழகிய பெரியவள், சின்னவள் என்ற பெயர்கள் தெருவிலும் ஒட்டிக்கொண்டன. பெரியவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி என்பதால் வேலை நேரத்தில் வாயே திறக்கமாட்டாள். சின்னவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் சிரிக்க வைத்துவிட்டு, "சிரிச்சா இன்னும் வலிக்குதும்மா" என்று திட்டு வாங்குவாள்.

மாலையில் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கம்ப்யூட்டர் முன்னால். பெரியவள் கையில் ஸ்டியரிங். பக்கத்து நாற்காலியில் கால்களை மடக்கிப் போட்டுக்கொண்டு சின்னவள் பேசுவாள். அதை நேரலையில் விட்டார்கள். பெரியவள் வளைவுகளை வெண்ணெயில் கத்தி போவதுபோல வெட்டிக்கொண்டு போவாள். சின்னவளோ ஓடுகிற காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்று மருத்துவமனைக்கு வந்த ஒருவர் பல்செட்டைக் கோட்டுப் பையில் வைத்து மறந்து, சலவைக்குப் போட்ட கதையைச் சொல்வாள். பார்க்க ஆட்கள் சேர்ந்தார்கள். தன் ஓட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பெரியவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணமும் இல்லை.

சின்னவளுக்கு ஊரின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றல் வந்தது. அங்கேயே ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் பெரியவளிடம் இருந்தது. சேனலும் அவளிடமே இருந்தது. முதல் வாரம் பெரியவள் தனியாக ஓட்டினாள். பேச ஆள் இல்லாமல் இன்ஜின் சத்தம் மட்டும் போயிற்று. "பக்கத்து நாற்காலி எங்கே?" என்று ஒருவர் எழுதினார். "அந்தப் பொண்ணு இல்லையா, சரி" என்று இன்னொருவர் எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற கூட்டம். அதில் ஒரு விரல் அம்மா.

சின்னவள் கடன் வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பில் தனியாக ஆரம்பித்தாள். முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய் வேலியில் சொருகினாள். சொருகிய இடத்திலிருந்தே வேலியோடு பேச ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஊரைக் கூட்டினார்கள். ஒரே மாதத்தில் அவளுக்கு 'வேலி ராணி' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

பெரியவள் அதை ஒருநாளும் தவறவிடவில்லை. வேறு பெயரில் ஒரு கணக்கு திறந்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தங்கை வேலியில் மோதும்போதெல்லாம், 'பிரேக்கை இங்கேயா பிடிப்பாள்' என்று பல்லைக் கடித்தாள். சோறு ஆறிப்போகும். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏற ஏற, அது தன் வீட்டிலிருந்து யாரோ சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, லேப்டாப் மூச்சு வாங்குது. புதுசா பாகம் பாகமா வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கணும். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ வந்து பொறுக்கிக் குடு."

"நீயே பாத்துக்க மாட்டியா? உனக்குத்தான் இப்ப ஆயிரம் பேர் இருக்காங்களே."

"ஆயிரம் பேர் இருந்து என்ன பண்ண? அக்கா ஒருத்திதானே."

அன்பாகத்தான் சொன்னாள். அதுவும் பெரியவளுக்குக் குத்தியது.

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கிய நீளக் கடை. கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாபோல ஒரு கேபிளை மாட்டியிருந்தார்.

பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு சபலம். சுமாரான சரக்காகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டால் என்ன? ஆனால் பெட்டிகளைக் கையில் எடுத்ததும் அவள் கை கேட்கவில்லை. விளையாட்டையும் நேரலையையும் ஒரே நேரத்தில் இழுக்கிற மாதிரி நல்ல ப்ராசசர் எடுத்தாள். படத்தை அனுப்புகிற சுமையைத் தானே தாங்குகிற கிராபிக்ஸ் கார்டாகக் கேட்டாள். ரேமை ஒற்றைத் துண்டாகக் கடைக்காரர் நீட்டியபோது, "இதே அளவுக்கு ரெண்டு துண்டாக் குடுங்க, ஜோடியாப் போட்டாத்தான் வேகம்" என்று திருப்பிக் கொடுத்தாள். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று தங்கையிடம் கண்டிப்பாகச் சொன்னாள். வேலையில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தவளுக்குத் தெரிந்தே மட்டமாகப் பொறுக்குவது மானப் பிரச்சினை. பொறாமையைவிட அந்த மானம் கொஞ்சம் உசத்தியாகவே நின்றது.

கடைசியாக, இதையெல்லாம் வைத்து அடைக்கிற கேபினெட். சின்னவள் அதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் முன்னால் நின்றுவிட்டாள். பால் வெள்ளை. முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக் கண்ணாடி. உள்ளே ஊதாவும் ரோஜா நிறமுமாக விளக்குகள் ஓடின.

"அக்கா, இது என்ன அழகு பாரேன்! கேமராவுல என் பின்னாடி வெச்சா எப்படி இருக்கும்!"

பெரியவள் பார்த்தாள். காற்று நுழைய வேண்டிய முன்பக்கம் கண்ணாடியால் அடைபட்டிருந்தது. ஓரத்தில் விரல் நுழையாத ஒரு கீற்று. அந்தக் கார்டு கக்குகிற சூட்டுக்கு இது பெட்டி இல்லை, அடுப்பு. ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்காரரும் தலையைச் சொறிந்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கும். காத்து கொஞ்சம் கம்மியா… அக்கா என்ன சொல்றாங்களோ."

சின்னவள் திரும்பினாள். விளக்கு வெளிச்சம் அவள் கன்னத்தில் நிறம் மாறி மாறி விழுந்தது. அழகாக இருந்தாள். திரையில் எத்தனை பேர் அதைப் பார்ப்பார்கள் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"என்னக்கா, எடுத்துக்கட்டுமா?"

"உனக்குப் பிடிச்சிருக்குல்ல? எடுத்துக்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று வீடு திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதிய கம்ப்யூட்டரில் சின்னவளின் முதல் நேரலை. பெரியவள் ஆறப்போகும் தட்டோடு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எல்லாம் பட்டுப்போல ஓடியது. அப்புறம் பெட்டிக்குள் ஃபேன்கள் முனக ஆரம்பித்தன. முனகல் இரைச்சலாகி, இரைச்சல் அலறலாகி, சின்னவளின் குரலை அமுக்கியது. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பெரியவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சின்னவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்து, விமானப் பணிப்பெண்ணின் குழைந்த குரலில், "பயணிகள் கவனத்துக்கு. நம்ம விமானம் இன்னும் சில நொடிகள்ல வேலியில இறங்கப் போகுது. பெல்ட்டைப் போட்டுக்கங்க" என்றாள்.

கூட்டத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாள் அந்தத் துண்டு வீடியோ ஆயிரக்கணக்கானோர் கைக்குப் போயிற்று. அடுத்தடுத்த நாட்களில் ஃபேன் அலறாவிட்டால் "விமானம் எப்ப கிளம்பும்?" என்று கேட்டே ஆட்கள் வந்தார்கள்.

பெரியவளுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. தான் வாய் மூடி இருந்ததும் தங்கைக்கே லாபமாகப் போய்விட்டதே! குழி தோண்டினால் அதில் அவளுக்குத் தண்ணீர் ஊறுகிறது. அந்த வாரம் கடையில் ஒரு ஜோடி லென்ஸை இடமும் வலமும் மாற்றிப் பொருத்திவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டிராத ஏச்சைக் கேட்டாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நேரலை விடுகிற பெரிய கைகள் சிலர் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஓட்டிக்கொண்டே நேர்முக வர்ணனை செய்ய வேலி ராணியை அழைத்திருந்தார்கள். சின்னவள் அதற்காகப் புதுச் சட்டை வாங்கியிருந்தாள். அம்மாவும் பெரியவளும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தார்கள். பந்தயம் பாதி போயிருக்கும். ஃபேன் அலறியது. சின்னவள் விமானக் குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திரையில் அவள் முகம் தெரிந்த கட்டம் மட்டும் கறுத்துப்போனது.

"என்னடி, கரண்ட் போச்சா?" என்றாள் அம்மா.

பெரியவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொண்டையில் ஒரு தித்திப்பு இறங்கிற்று, உண்மையிலேயே இறங்கிற்று. மற்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சின்னவள் இல்லாமலே பந்தயத்தை நடத்திக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவர் அவள் இடத்தில் பேச ஆரம்பித்தார்.

போன் அடித்தது. எடுத்ததும் சின்னவளின் விசும்பல். பல்செட்டுக்காரர் கதையைச் சொல்கிற அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைப் பெரியவள் கேட்டதில்லை.

"அக்கா… அணைஞ்சு போச்சுக்கா. திரும்பத் திரும்ப அமுக்கிப் பாக்கறேன், தொட்டாலே சுடுது. நீ அவ்ளோ பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்த. நான்தான் என்னத்தையோ பண்ணிக் கெடுத்துட்டேன்."

தித்திப்பு அங்கேயே கசந்துபோயிற்று.

பெரியவள் தன் கம்ப்யூட்டரைப் பிரித்தாள். அவளுடையது கறுப்பு கேபினெட். அழகு என்று ஒன்றும் கிடையாது, முகப்பு முழுக்கச் சல்லடைபோல ஓட்டை. உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிக் கட்டில்மேல் பரப்பினாள். வெறும் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

சின்னவள் புதுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பெட்டியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தங்கை நீட்டிய உள்ளங்கையில் வைத்தாள். மதர்போர்டைத் தூக்கும்போது, தலை நிமிராமலே சொன்னாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கலைடி. பெட்டிதான் தப்பு. கடையிலயே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காத்து போகாது, சூடாகும்னு."

"தெரிஞ்சுமா எடுத்துக்கோன்னு சொன்ன?"

"வயிறு எரிஞ்சுச்சு. நான் அவ்ளோ நல்லா ஓட்டறேன். நாய்கூட எட்டிப் பாக்கல. நீ வேலியில முட்டற, ஊரே வருது."

சின்னவள் உள்ளங்கையிலிருந்த திருகுகளைத் தரையில், அக்காவின் முழங்கால் அருகே, சத்தமில்லாமல் கொட்டினாள். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள்.

"சரி, நான் போறேன்" என்றாள் பெரியவள்.

"முடிச்சுட்டுப் போ."

முடித்தாள். கறுப்புப் பெட்டியில் எல்லாம் ஏறி, கம்ப்யூட்டர் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவள் வெள்ளைப் பெட்டியை அதே போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து அதில் தன் சாமான்களைப் பொருத்தி, பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தாள். விலா தெரிகிற மாட்டைப்போல அது மேசையில் நின்றது. ஏன் இப்படி என்று அம்மா கேட்டதற்கு, "வேர்க்குதாம் அதுக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் பேச்சுவார்த்தை இல்லை. பெரியவள் நேரலையை மட்டும் விடாமல் பார்த்தாள். முன்பெல்லாம் சின்னவள் பேச்சோடு பேச்சாக "எங்க அக்கா இருக்காளே" என்று ஆரம்பிப்பாள். இப்போது அக்கா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. முன்பின் தெரியாத யார் யாரையோ பேர் சொல்லி விசாரித்தாள். ஒருத்தியின் பரீட்சையைப் பற்றிக் கேட்டாள், ஒருவரின் முதுகுவலிக்கு வருத்தப்பட்டாள். பெரியவள் அந்த முதுகுவலிக்காரர்மேல் பொறாமைப்பட்டாள். அந்தக் கூட்டத்தைத் தங்கை பறித்துக்கொண்டாள் என்றுதானே இத்தனை நாள் எரிந்தாள்? இப்போது தங்கையை அந்தக் கூட்டம் பறித்துக்கொண்டதுபோல இருந்தது. இந்த எரிச்சல் பழையதைவிட மோசம். பழையதில் கொஞ்சம் கோபமாவது கலந்திருந்தது, சாய்ந்துகொள்ள.

ஒரு மாலை, பெரியவள் கண்ணாடிக் கடையில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மைக் மாத்தணும்" என்றாள் சின்னவள். ஹலோ இல்லை, அக்கா இல்லை. "நாளைக்கு வர்றியா? பொய் சொல்லாம வர்றதா இருந்தா வா."

மறுநாள் அதே கம்ப்யூட்டர் கடையில் சின்னவள் ஒவ்வொரு மைக்காக எடுத்து நீட்டினாள். பெரியவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவளைப் பேசச் சொல்லிக் கேட்டாள். ஒன்றில் குரல் தகரம் தட்டியது. இன்னொன்று தெரு இரைச்சலையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டது. மூன்றாவதில் சின்னவளின் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல, அப்படியே காதருகே வந்தது. பெரியவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இதான். இத வெச்சுப் பேசினா இருக்கிற கூட்டம் ரெண்டு மடங்காகும். நினைச்சாலே எனக்குக் கடுப்பா இருக்கு. வாங்கிக்கோ."

கடைக்காரர் விழித்தார். சின்னவள் அன்றைக்குத்தான், பல வாரங்களுக்குப் பிறகு, அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது.

பெரியவளின் சேனல் பெரிதாக ஒன்றும் வளரவில்லை. வளைவு வெட்டுவதைக் கற்றுக்கொள்ள வருகிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. அவர்கள் அவளைப்போலவே அதிகம் பேசாதவர்கள். பொறாமையும் எங்கும் போய்விடவில்லை. சின்னவளின் எண்ணிக்கை புதிதாக ஏறுகிற நாட்களில் பெரியவள் இப்போது நேராகப் போன் செய்துவிடுகிறாள்.

"இன்னைக்கு வயிறு ரொம்பக் காந்துதுடி."

"எவ்ளோ?"

"தூக்கம் வராது போல."

"காந்தட்டும்" என்பாள் சின்னவள். "சாப்பிட்டியா இல்லையா, அதச் சொல்லு."