புரூச் பழுதுபார்க்கப் பதுளைக்குப் போனேன்

வழக்கமாக ஊர் பார்க்கத்தான் பயணம் போவேன். போன இடத்தில் பழைய புரூச் ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது உபதொழில். இந்த முறை ஒரு புரூச்சைப் பார்க்கத்தான் போனேன். ஊரைப் பார்த்தது இடையில் நடந்தது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக: நான் கொழும்பில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சேலைத் தலைப்பைத் தோளில் குத்துகிற பழைய புரூச்சுகளைச் சேர்ப்பதும், சேர்த்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் தினமும் அணிவதும் பதினோரு வருடப் பழக்கம். இப்போது அறுபத்திரண்டு இருக்கின்றன. பெரும்பாலானவை கண்ணாடிக்கல்லும் மலிவு உலோகமும்தான். பழுது பார்க்கவும் கொஞ்சம் தெரியும். கண்ணாடிக் காதுக்குத் திருகாணி போடும் அதே கைதானே.

ஓகஸ்ட் தொடக்கத்தில் பதுளையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரோசலின் என்ற தையற்காரப் பெண், மகளை விட்டு எழுத வைத்திருந்தார். அம்மாவின் புரூச்சின் ஊசி உடைந்துவிட்டது. நகைக்கடையில் காட்டினால் “கண்ணாடிக்கல், தூக்கிப் போடுங்க” என்கிறார்கள். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். கடிதத்தின் கடைசி வரி: “சீக்கிரம் வந்தால் நல்லது.” அந்த வரிக்காகவே விடுப்பு எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். நானுஓயா வரை வலது பக்க ஜன்னல், அதற்குப் பிறகு இடது பக்க ஜன்னல் நல்லது. இரண்டையும் ஒரே சீட்டில் வாங்க முடியாது என்பதால் பாதி வழி கதவோரம் நின்றேன். ஹப்புத்தளையில் பனி மூடி, எதிரே இருந்தவரின் முகம்கூடச் சாம்பலாகத் தெரிந்தது. தெமோதரையில் ரயில் வளைந்து தன் பாதைக்கு அடியிலேயே புகுந்து போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எட்டிப் பார்க்கத் தோன்றும். பதுளையில் இறங்கியபோது மாலை 4.20.

ரோசலினின் தையல்கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டுச் சந்தில் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் 250 ரூபாய். ஓட்டுநர் என் தோளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளிச் சிறகு விரித்த ஒரு சின்னப் பறவை புரூச்சை அன்று குத்தியிருந்தேன்.

“அக்கா, அது என்னா, மெடலா?”

“இல்லீங்க, சேலைக்குக் குத்துறது.”

“நான் நேவியாக்கும்னு நெனச்சேன்” என்றார், ஏமாற்றத்தோடு.

ரோசலினுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, விரலில் சுண்ணாம்புக்கட்டி வெள்ளை. பால் சேர்க்காத பிளேன்டீ வைத்துத் தந்துவிட்டு, மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். அதை அவிழ்க்குமுன் விஷயத்தைச் சொன்னார்.

“தங்கச்சி, உங்கள்ட்ட மறைக்கக் கூடாது. இத ரிப்பேர் பண்ணி எனக்கில்ல. எங்கக்காவுக்குக் குடுக்கப் போறேன். ஆறு வருசமா நாங்க பேசுறதில்ல.”

அக்கா பிலோமினா, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அம்மா கடைசிவரை அவரோடுதான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்திருக்கிறார். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அம்மா இந்த முடிச்சை ரோசலினின் கையில் வைத்து, “இது ஒனக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிலோமினா பெட்டியைத் திறந்தால் புரூச் இல்லை. “அம்மா எனக்குத்தான் தர்றேன்னு சொன்னிச்சி, நீ திருடிட்ட” என்றார் அக்கா. “பொய் சொல்லாத, எனக்குத்தான் குடுத்திச்சி” என்றார் தங்கை. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது.

“போன மாசம் அக்காவுக்கு நெஞ்சுல வருத்தம்னு ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. எனக்கு யாரும் சொல்லல. பஸ்ல ஒரு ஆள் சொல்லித்தான் தெரியும். அக்கா சொன்னது பொய்யாவே இருக்கட்டும். அக்கா கையிலயே குடுத்துர்றேன். எனக்கு அக்கா போதும்.”

முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு பூக்கள் தலை சாய்த்து ஒட்டி நிற்கிற புரூச். வெள்ளை உலோகம், ஓரிரு கல் கறுத்திருந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரைசாணி, தன் பிள்ளைகளை வளர்த்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். துரைசாணிக்கே அது அவருடைய தாயிடமிருந்து வந்தது. அம்மா வருடத்துக்கு ஒரு தடவை, மாதா கோயில் திருநாளுக்கு மட்டும் குத்துவாராம்.

திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்தேன். ஊசி அடியோடு முறிந்திருந்தது. ஆனால் என் கண் ஊசியில் நிற்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு சட்டகம், அதன் மேல் பூவுக்கு ஒன்றாக இரண்டு கிளிப்புகள், பல் வைத்தவை. இந்த வகையைப் படங்களில் மட்டும் பார்த்திருந்தேன். சட்டகத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், கிளிப்புகள் அதில் சறுக்கி உட்காரும். சேர்த்தால் ஒரு புரூச், கழற்றினால் தனித்தனியே குத்த இரண்டு பூ. இதில் எத்தனையோ வருடத்துப் பாலிஷ் மாவு பள்ளத்தில் இறுகிச் சுண்ணாம்பாகியிருந்தது.

“அக்கா, மெஷின் எண்ணெய் இருக்கா?”

ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு. இருபது நிமிடம் சுரண்டினேன். பிறகு பெருவிரலால் தள்ளினேன். ஒரு பூ மெல்ல நகர்ந்து, கழன்று, மேசையில் கிடந்த நீலத்துணி மேல் விழுந்தது.

“ஐயோ, ஒடஞ்சிருச்சா!” என்று ரோசலின் எழுந்துவிட்டார்.

“உடையல. இது இப்படித்தான் செஞ்சது. ரெண்டு பேர் குத்தலாம்.”

அடுத்த பூவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மடித்து வைத்துவிட்டு, “அப்ப அக்கா பொய் சொல்லல” என்றார். “ரெண்டு பேருட்டயும் அம்மா உண்மையத்தான் சொல்லிருக்கு.”

கறுத்த கற்களைத் தொடவில்லை. கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளிப் பூச்சு போனால் திரும்பாது. சட்டகத்துக்குப் புது ஊசி மட்டும் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்க வைத்தார். ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும்.

சனிக்கிழமை காலை 8.15க்கு ஸ்பிரிங்வெளி பஸ் ஏறினோம். ஆளுக்கு 110 ரூபாய், ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஆட்டோ என்றால் 2,000 கேட்பார்கள். சரிவு முழுக்கத் தேயிலை, மேலே நமுனுகுல மலை மேகத்துக்குள். ரோசலின் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. “நீங்க கூட இருந்தா அக்கா கதவ மூடாது. வெளியாள் முன்னால மரியாத பாக்கும்” என்று இரண்டு தடவை சொன்னார். என்னை அழைத்து வந்ததன் பாதிக் காரணம் அதுதான் போல.

இறங்கி, சிமெந்துப் படியில் கால் மணி நேர ஏற்றம். லயத்தின் கடைசி வீட்டு வாசலில் பிலோமினா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

“வாங்க மிஸ். ஒக்காருங்க.”

உட்கார்ந்தோம். ரோசலின் முடிச்சை அவிழ்த்து நீட்டினார். வழியிலேயே இரண்டாகக் கழற்றி வைத்திருந்தார். அது தப்பாகப் போயிற்று. பிலோமினாவின் முகம் சிவந்தது.

“அம்மாவோட சேலப் பின்ன வெட்டிட்டியா? எனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு ரெண்டா வெட்டிட்டியா?”

நான் நடுவில் புகுந்து, சட்டகத்தை எடுத்து, இரண்டு பூவையும் பள்ளத்தில் விட்டுத் தள்ளினேன். டிக், டிக். முழுப் புரூச். மறுபடி கழற்றினேன்.

“குடுங்க” என்று பிலோமினா வாங்கினார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல்கள். ஒரு தடவைதான் பார்த்தது, என்னைவிட லாவகமாகச் சேர்த்தார். கழற்றினார். சேர்த்தார். மூன்றாம் தடவை கழற்றிய பிறகு கை நின்றுவிட்டது.

“அம்மா இத ஒரு நாளும் பின்னுனு சொன்னதில்லயே” என்றார். அவர் இப்போது பார்த்தது தங்கையை. “எப்பவும் ‘அந்த ரெண்டு பூவ எடு’ன்னுதானே சொல்லும்.”

“ஆமாக்கா. நாமதான் கவனிக்கல.”

“ஆஸ்பத்திரில கெடந்தேனே, ஏன்டி வரல?”

“தெரியாதுக்கா. சத்தியமா யாரும் சொல்லல.”

அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு முறையாகப் படவில்லை. மலை பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே போய், ஒரு மணி நேரம் தேயிலைக்குள் நடந்தேன். திரும்பி வந்தபோது அடுப்பில் சோறு கொதித்தது. ரோசலின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிலோமினா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார், இவ்வளவு தடிப்பாகவா அரிவது என்று.

புறப்படும்போது, “நாளைக்குப் பூசைக்கு டவுனுக்கு வாக்கா” என்று ரோசலின் கேட்டார். “பாப்போம்” என்றார் பிலோமினா. அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. ஆறரையிலிருந்து ரோசலின் கோயில் வாசலில் நின்றார், கழுத்தோரத்தில் ஒரு பூவோடு. முதல் மணி அடித்தது. இரண்டாவதும் அடித்து, பாட்டுத் தொடங்கிவிட்டது. உள்ளே போவோம் என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது, பச்சைச் சேலையில் மூச்சு வாங்கிக்கொண்டு பிலோமினா படியேறி வந்தார். பஸ் தாமதமாம். பூவைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். ரோசலின் அதைக் கழற்றி, நேராக்கிக் குத்திவிட்டார். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பூசை முடிந்து, பத்தரை மணிக் கொழும்பு பஸ்ஸுக்கு (குளிரூட்டியது, 1,400 ரூபாய்) இருவருமே வந்தார்கள். பிலோமினா ஒரு காகிதச் சுருளை என் கையில் வைத்தார். பிரித்தால் அந்தச் சட்டகம், புது ஊசியோடு.

“இது உங்க ரெண்டு பேர்ட்டதான் இருக்கணும்” என்றேன்.

“எங்கள்ல யாரு வச்சாலும் மத்தவளுக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கும். நீங்க வச்சிருங்க மிஸ். எங்கள்ல ஒருத்தி போயிட்டா, மிச்சமிருக்கிறவகிட்ட வந்து ரெண்டையும் சேத்துக் குடுங்க.”

ரோசலினும் ஆமென்று தலையாட்டினார். சுருளை மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயில் இருக்கையை ஒரு மாதம் முன்பே எடுங்கள். ஸ்பிரிங்வெளி பஸ்கள் மதியத்துக்குப் பிறகு குறைவு. திரும்பும் நேரத்தை நடத்துநரிடமே கேட்டுவிடுங்கள். லயங்கள் மக்கள் வாழும் வீடுகள், அழைக்காமல் கமெராவோடு நுழையாதீர்கள். பழைய புரூச் அணிபவர்களுக்கு: பட்டுச் சேலை என்றால் உள்பக்கம் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்துங்கள், நூல் கிழியாது. கல் பதித்ததைத் தண்ணீரில் கழுவவே கூடாது. யார் வீட்டிலாவது பழைய புரூச்சைக் காட்டினால் விலை கேட்பதற்கு முன் அது யாருடையது என்று கேளுங்கள். முக்கியமாக, எதையும் கையில் எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சட்டகம் இப்போது என் மேசை இழுப்பறையில், மற்ற அறுபத்திரண்டோடு சேராமல் தனியே இருக்கிறது. நேற்று ரோசலின் அழைத்தார். திரையில் அந்தப் பெயரைக் கண்டதும் ஒரு கணம் எடுக்கப் பயந்தேன். அக்காவுக்குப் புதுச் சட்டை தைக்கிறாராம், கழுத்து வட்டமா சதுரமா, எதில் பூ எடுப்பாக இருக்கும் என்று கேட்கத்தான் எடுத்தாராம். பின்னால் பிலோமினாவின் குரல் கேட்டது, வட்டம்தான் என்று.