இருபத்தேழாம் பம்பின் பச்சைப் புள்ளி

ஸ்பானர் அக்கா என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தொரு அடிபம்புகள் அவர் பொறுப்பில் இருந்தன. முதலில் அந்த வேலையைப் பார்த்தவர் அவருடைய கணவர். ஒரு மழைநாளில் தோளில் பைப்போடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதுவரை கூடப்போய் பைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, கருவிப் பையைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டார். பொம்பளை பம்பைக் கழற்றலாம், திரும்ப மாட்டத் தெரியுமா என்று சிலர் சிரித்தார்கள். அக்கா கழற்றினார், மாட்டினார், தண்ணீர் வந்தது. சிரித்தவர்களும் அதைத்தான் குடித்தார்கள். வீட்டில் அடுப்படி கணவர் கைக்குப் போனது. நீ பம்புக்கு டாக்டர், நான் உனக்குக் கம்பவுண்டர் என்று அவர் கேலி செய்வார்.

ஏழெட்டு வருடம் இப்படி ஓடிய பிறகு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வந்து ஒவ்வொரு பம்பின் கைப்பிடிக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தியது. கைப்பிடி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று அது எண்ணும். தினமும் சாயங்காலம் அந்த எண்ணிக்கையை எஸ்எம்எஸ் ஆக அனுப்பும். நிறுவனத்தின் அலுவலகச் சுவரில் பெரிய திரை, அதில் ஒரு வரைபடம், பம்புக்கு ஒரு புள்ளி. கைப்பிடி ஆடினால் புள்ளி பச்சை. இரண்டு நாள் ஆடாவிட்டால் சிவப்பு. சிவப்பானால் அக்காவின் போனுக்கு ஒரு புகார் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னால்தான் ஸ்டோரில் உதிரிபாகம் கிடைக்கும்.

அக்காவுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாவது மாதம், கடைக்கோடியில் ஒரு பம்பில் கம்பி அறுந்தது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. முன்பென்றால் யாராவது வந்து சொல்ல இரண்டு வாரம் ஆகும்.

சிக்கல் இருபத்தேழாம் பம்பில் தொடங்கியது. அது செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு குடியிருப்பில் இருந்தது. அங்கிருந்த தையல்காரி ஒருநாள் போன் செய்தார்.

"அக்கா, பத்து நாளா சொட்டுத் தண்ணி இல்ல. எங்களை மறந்துட்டீங்களா?"

அக்கா அலுவலகத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தார். இருபத்தேழு பச்சை. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாத அறிக்கையில் மக்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் பம்பு என்று அதன் புகைப்படம் வேறு.

குடியிருப்புக்குப் போனதும் காரணம் புரிந்தது. உள்ளே தண்ணீரை மேலே இழுக்கும் பிஸ்டன் வாசர் தேய்ந்துபோயிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நப்பாசையில் நூறு தடவை அடித்துப் பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கால்வாய்க்கு நடந்தார்கள். வாயில் வந்தது கருவிக்குக் கேட்காது. கைப்பிடியை மட்டும் அது ஒழுங்காக எண்ணி அனுப்பியது.

வாசர் கேட்டார் அக்கா. புகார் எண் இல்லாமல் தர முடியாது என்றார் ஸ்டோர்க்காரர். திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று முறை போனார். பச்சையாக இருக்கும் பம்பைப் பழுது என்று பதிவு செய்ய இதில் வழியே இல்லை என்று அவர் கையை விரித்தார்.

வழி இல்லையென்றால் உண்டாக்க வேண்டியதுதான். அக்கா கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்று குடியிருப்புப் பெண்களிடம் சொன்னார். எப்படியும் கால்வாய்க்குத்தானே போகிறோம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை, இருபத்தேழாம் பம்பு பழுது, உடனே செல்லவும் என்று செய்தி வந்தபோது அக்கா அந்தப் பம்பின் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்டோருக்குப் போய் வாசரை வாங்கிவந்தார். மத்தியானத்துக்குள் தண்ணீர் கொட்டியது.

இரண்டு நாள் ஏன் ஒரு அடிகூட விழவில்லை என்று அலுவலகம் கேட்டது. அக்கா மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்தது.

"டேட்டாவைக் கெடுத்துட்டீங்களே அக்கா" என்றார் ஒருங்கிணைப்பாளர். "மேல வரைக்கும் கேள்வி வருது."

"தொட்டில் ஆடுதுன்னா பிள்ளை தூங்கிடுச்சுன்னு அர்த்தமா, சார்?" என்று கேட்டார் அக்கா. "எட்டிப் பார்க்கணும்ல?"

ஒருங்கிணைப்பாளர் பொல்லாதவர் அல்ல, அவர் வேலையும் அந்த அறிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்றார்.

"போனா போகட்டும்" என்றார் அக்கா. "தண்ணி இல்லன்னு தெரிஞ்சும் பச்சைன்னு என்னால தலையாட்ட முடியாது."

மறுநாளே ஒரு நோட்டும் பதினைந்து லிட்டர் வாளி ஒன்றும் வாங்கினார். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பம்புகளுக்கும் போனார். ஒவ்வொன்றிலும் வாளி நிறைய எத்தனை அடி ஆகிறது என்று எண்ணி எழுதினார். நல்ல பம்புக்கு ஐம்பது அடி போதும். பதினொரு பம்புகளில் தொண்ணூறைத் தாண்டியது. இரண்டில் வாளியே நிறையவில்லை. அந்தப் பதின்மூன்றும் திரையில் பச்சை. தோள் வீங்கிப்போய் ராத்திரியில் புரண்டு படுக்க முடியவில்லை. கணவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். கேலி எதுவும் செய்யவில்லை.

நோட்டோடு போய், கருவியைச் செய்தவரிடம் பேசவேண்டும் என்று நின்றார். நான்கு நாள் தொடர்ந்து போய் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டை ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பார்த்த பிறகு ஒருங்கிணைப்பாளர் மனம் மாறினார். மாதாந்திர வீடியோ கூட்டத்தில் அக்காவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, தானே மொழிபெயர்த்தார்.

திரையில் வந்த பொறியாளர் நரைத்த தலைமுடியோடு ஒரு அம்மா. அக்கா எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் குறித்துக்கொண்டார். எந்த நேரத்தில் எண்ணினீர்கள், வாளி ஒன்றேதானா, எல்லா இடத்திலும் அடித்தது நீங்களேதானா என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா சலிக்காமல் பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மா, தண்ணீர் நிற்காத ஒரு பம்பில் வைத்தே இதைச் சோதித்தோம், வறண்ட பம்பையும் ஜனங்கள் அடிப்பார்கள் என்று யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். என்ன மாற்றலாம் என்று அக்காவிடமே கேட்டார்.

"கருவி இருக்கட்டும்மா" என்றார் அக்கா. "பம்படியில நிக்கிறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. ஒரு மிஸ்டு கால் போதும்."

அலுவலகத்தில் சிலருக்கு இது ரசிக்கவில்லை. வேலையில்லாதவர்கள் சும்மா சும்மா அழைப்பார்கள் என்றார்கள். ஐந்து பம்புகளில் மட்டும் பார்க்கலாம் என்று முடிவானது. பம்பின் உடம்பில் ஒரு போன் எண்ணைப் பெயிண்டால் எழுதினார்கள். யாருடைய போன் எந்தப் பம்புக்கு என்று முன்கூட்டியே பதிந்து வைத்தார்கள். அங்கிருந்து மிஸ்டு கால் வந்தால் புள்ளி மஞ்சளாகும், புகார் எண் கிளம்பும். சரியான பிறகு குடியிருப்பிலிருந்தே இன்னொரு அழைப்பு வந்தால்தான் அது பச்சையாகும். வீண் அழைப்பு இரண்டு மாதத்தில் நான்குதான். வருடம் முடிவதற்குள் நாற்பத்தொன்றிலும் எண் எழுதப்பட்டது. பதினெட்டு, இருபது நாள் கிடந்த பழுதுகள் மூன்று நாளில் தீர்ந்தன.

எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் அவர்கள் திரும்பப் பெறவில்லை. அதற்கு நடைமுறை இல்லையாம். அக்கா மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தார். மூன்றும் அதே கோப்பில் அதே கடிதத்துக்கு மேல் சேர்ந்தன.

அதைவிடப் பெரிய கவலை அவருக்கு இருந்தது. இப்படி வந்த திட்டங்கள் இரண்டு மூன்று வருடத்தில் மூட்டை கட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். அந்த போன் எண் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதைக் குடியிருப்புப் பெண்கள் சேர்ந்து நடத்தும் தண்ணீர்க் குழுவின் பெயருக்கு மாற்றுங்கள், ஸ்டோர் சாவியையும் அவர்களிடமே கொடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளரை விடாமல் நச்சரித்தார். அவரும் அலைந்து திரிந்து, திட்டம் முடிய ஒரு மாதம் இருக்கையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

திட்டம் முடிந்ததும் திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கைப்பிடிக்குள் இருந்த கருவிகளும் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தையல்காரியின் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் குழுவின் போன் மட்டும் ஓயவில்லை. அழைப்பு வந்தால் பம்பு எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அவர் அக்காவைக் கூப்பிடுவார். போன வாரம் ஒரே நாளில் மூன்று அழைப்பு. கூட வரச் சொல்லிக் குழுவின் இரண்டு பெண்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முதல் பம்பைக் கழற்றிவிட வேண்டும் என்று அக்கா சைக்கிளை எடுத்தார்.