பேஸ் பாக்ஸின் உள்ளளவு

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராத ஒருத்தி கட்டுரை எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுத்த பலகையின் நெடியும் பசையின் புளிப்பும் அந்தக் கோடை முழுக்க எங்கள் பீர்க்கன்கரணை வீட்டு ஷெட்டில் நிறைந்திருந்தன. நிலத்தை மனை போட்டு விற்ற கையோடு அப்பா அண்ணன் சேகருக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுத்திருந்தார். கல்யாண சவாரிக்கு ஓடும் வேனில் பாட்டின் அடிநாதத்தை அதிரவைக்கும் ‘பேஸ் பாக்ஸ்’ இல்லையென்றால் மதிப்பில்லை என்று அண்ணன் ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி வந்தான். அதோடு வந்த ஆங்கிலத் தாள் அவனுக்குப் புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு நான் படித்தேன். பெட்டிக்குள் இவ்வளவு காற்று இருக்க வேண்டும், முகப்பு ஓட்டையில் செருகும் குழாய் இவ்வளவு நீளம் வேண்டும், குழாயும் ஸ்பீக்கரும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க வேண்டும், குழாயின் வால் பின்பலகையை நெருங்கக் கூடாது. நோட்டில் நான்கு பக்கம் கணக்குப் போட்டு, பதினெட்டு, பதினைந்து, பதினான்கு அங்குலம் என்று எழுதி, ‘உள்ளளவு’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

தாம்பரத்தில் கணக்குப் பிரிவில் சேர எனக்கு ஆசை. அதுவரை பிடிகொடுக்காத அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, “பாக்ஸ் நல்லா பாடிச்சுன்னா பிளஸ் ஒன் சேக்கறேன். இல்லாங்காட்டி வூட்ல கெட,” என்றார்.

அண்ணன் அறுத்து ஒட்டி முடித்த பெட்டியைக் கேட்க ஞாயிறு காலை அவன் சிநேகிதர்கள் கூடினார்கள். கேசட் ஓடிய உடனே தெரிந்துவிட்டது. தரையோடு ஊர வேண்டிய சத்தம், தகர டிரம்மைத் தட்டியதுபோல ‘தொம் தொம்’ என்று ஒரே இடத்தில் முட்டியது. குழாயின் வாயில் ‘புஸ் புஸ்’ என்று காற்று சீறியது.

“இன்னாடா சேகரு, பொட்டிக்குள்ள எவனுக்குனா வாய்வா?” என்றான் டேவிட்.

“டாக்டராண்ட இட்டுகினு போ மச்சான்!” என்றான் இன்னொருவன்.

அண்ணன் என் சடையைப் பிடித்து முன்னால் இழுத்தான். “என்ன கேக்காதீங்கடா. இதோ கீது பாரு, கணக்கு வாத்தியாரு. இவ சொன்னத நான் அறுத்தேன், அவ்ளோதான்.”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பெட்டி நான் போட்டதைவிடச் சிறிதாகத் தெரிந்தது. ‘உள்ள அளந்து பாருண்ணா’ என்பது தொண்டைவரை வந்தது. அத்தனை ஆண்கள் முன்னால் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் தனியாக ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே அளவு டேப் வைத்ததைத் துணி எடுக்கப் போன நான் பார்த்தேன். பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறரை. என் அளவுகளை அவன் வெளிப்பக்கம் வைத்து அறுத்திருந்தான். பலகையின் கனம் காற்றைத் தின்றுவிட்டது, குழாய் பின்பலகையை ஒட்டி நின்றது. நோட்டைப் புரட்டி அந்த இரண்டு கோட்டைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தத் தாளைக் கிழித்து விரலிலிருந்த பசையைத் துடைத்தான்.

“இன்னா பாக்கற? போய் டீ போட்டு எடுத்தா.”

பிறகு அதே அளவில், உள்ளே அளந்து அவன் செய்த பெட்டி கூடுவாஞ்சேரி வரை பேர் வாங்கியது. இப்போது வேனும் இல்லை, கேசட்டும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கல்யாண வீடுகளில் அண்ணன் இன்றும் என்னைக் காட்டி அந்த வாய்வுக் கதையைச் சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் பள்ளியில் சேர்வதற்குக் கடைசி நாள். அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு படப்பைக்குப் புதுப் பலகை வாங்கப் போனார்.