சில்லறைக் கவுண்டரில் நான் கும்பிட்ட ஆக்கள்

பாங்க் வேலை எண்டால் காத்தாடிக்குக் கீழ இருந்து புது நோட்டு எண்ணுறது எண்டு நினைக்கிறியள். கொழும்புக் கோட்டையில ஒரு வெள்ளைக்காரப் பாங்கின்ர சில்லறைக் கவுண்டரில ஒருக்கால் இருந்து பாருங்கோ, தெரியும். முட்டியிலயும் பேணியிலயும் சேர்த்த சல்லியை நோட்டாக்கவோ கணக்கில போடவோ சனம் என்னட்டைத்தான் வரும். விரலெல்லாம் செம்புக் களிம்பு, சோத்திலயும் அந்த மணம். நோட்டுக் கவுண்டருக்கு மாத்துங்கோ எண்டு பாங்க் துரையிட்டை மாசாமாசம் கெஞ்சுவன். சில்லறையோட மாரடிக்கிற ஆக்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கன்னத்துக்குள்ள கல்லாப்பெட்டி

கொட்டாஞ்சேனை அந்தோனி சுழியோடி. கப்பலில வாற வெள்ளைக்காரர் மேல்தட்டில நிண்டு கடலுக்குள்ள காசு எறிவினம். அது ஆழத்துக்குப் போக முன்னம் பாய்ஞ்சு பிடிக்கிறதுதான் அவரின்ர பிழைப்பு. முதல்நாள் நனைஞ்ச சாரத்தோட, வெறுங்கையோட வந்து நிண்டார். "காசு எங்கை?" எண்டு கேட்டன்.

மனுசன் குனிஞ்சு ரெண்டு கன்னத்துக்குள்ளயும் இருந்து காசைத் துப்பத் தொடங்கினார். அம்பது சதம், இருவத்தைஞ்சு சதம், எந்தத் தேசத்துக் காசெண்டே தெரியாததுகள்... அம்மாடி, வந்துகொண்டே இருந்தது! நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, அவர் தாடையைத் தடவிச் சொன்னார்: "தண்ணிக்குள்ள ரெண்டு கையும் நீந்த வேணும் சேர், சல்லிக்கு வாய்தான் பொக்கெட்."

புளி போட்டு மினுக்கின மூட்டை

புதுக்கடையில, வழக்குப் பேசுற கோட்டுக்குப் பக்கத்தில தேத்தண்ணிக் கடை வைச்சிருந்த முஸ்லிம் நானா ஒருத்தர் சாக்கு நிறையச் சதம் கொண்டுவந்தார். இண்டைக்குத் துலைஞ்சன் எண்டுதான் அவிழ்த்தன். உள்ளுக்க ஒவ்வொரு சதமும் அப்பதான் அச்சடிச்ச மாதிரி மினுங்குது. கண்ணெல்லாம் கூசிப்போச்சு. சதத்தில இருக்கிற ராஜாவின்ர மீசை மயிர்கூட எண்ணலாம் போல இருந்தது!

வீட்டில எல்லாரும் சுத்தியிருந்து புளி போட்டுத் தேய்ச்சவையாம். ஏன் நானா இந்தப் பாடு எண்டு கேட்டன். என்ர பெட்டிக்குள்ள இருந்த பழைய நோட்டுக் கட்டை ஒரு மாதிரியாப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஊத்தச் சல்லியக் கொண்டந்தா நீங்க ஊத்த நோட்டத்தானே தருவீங்க?" புது நோட்டுத்தான் குடுத்தன்.

மஞ்சள் பூசின சதம்

ஒருநாள் பாங்க் சாத்திற நேரம் வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா தலைவிரி கோலமா ஓடிவந்தா. பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல். கதிர்காமத்து முருகனுக்கெண்டு நேர்ந்து ஒரு சதத்தில மஞ்சள் பூசித் துணியில முடிஞ்சு சாமித்தட்டில வைச்சிருக்கிறா. மருந்துக்கு நோட்டு வேணுமெண்டு புருசன்காரன் காலமை வீட்டில கிடந்த சல்லி எல்லாத்தையும் வழிச்சுக்கொண்டுவந்து, அந்த முடிச்சையும் அவிழ்த்து என்னட்டைத் தந்திட்டான். "இறங்கின காய்ச்சல் மத்தியானம் திரும்பக் காயுது தம்பி, அந்தச் சதம் எனக்கு வேணும்!" எண்டு அழுதா.

அண்டைக்கு வந்த சதமெல்லாம் பையில போட்டு அரக்குச் சீலும் வைச்சாச்சு. காசுக்குப் பொறுப்பான செட்டியார் எழும்பி வந்தார். "அழாதீங்க ஆச்சி, பைய உடைப்போம்" எண்டு சீலைத் தன்ர கையாலயே பிச்சுச் சதத்தை நிலத்தில கொட்டினார். பியோன், காவல்கார அய்யா, செக் மாத்த வந்த சிங்கள மாத்தையா, எல்லாரும் முழங்காலில இருந்து தேடினம்.

"இந்தா!" எண்டான் பியோன். மஞ்சள் அப்பின சதம். அம்மா அதைக் கண்ணில ஒத்த முன்னம் அந்த மாத்தையாவும் ஒண்டைத் தூக்கிக் காட்டினார். அதிலயும் மஞ்சள். பிறகு என்ர கையிலயும் ஒண்டு. ஐயோ, எத்தினை வீட்டுச் சாமித்தட்டை நான் நோட்டாக்கி அனுப்பியிருக்கிறன்! அம்மாவுக்கும் தன்ர சதம் எதெண்டு தெரியேல்லை.

செட்டியார் தன்ர மடியில இருந்து மூண்டு சதம் எடுத்துப் பையில போட்டார். அம்மா அந்த மூண்டையும் சேலைத் தலைப்பில இறுக்கி முடிஞ்சா. "மற்ற ரெண்டும் ஆரின்ர பிள்ளையளுக்கு நேர்ந்ததெண்டு எனக்குத் தெரியாது, முருகனுக்குத் தெரியும்தானே? அதுகளுக்கும் சேர்த்து நானே கொண்டுபோய்ப் போடுறன்."

அந்தப் பையைத் திரும்ப எண்ணிக் கட்டினதில என்ர ரெயில் போயிட்டுதுதான், ஆனால் என்னை நோட்டுக் கவுண்டருக்கு மாத்துங்கோ எண்டு துரையிட்டை நான் அதுக்குப் பிறகு வாயே திறக்கேல்லை.